பேனாவால் பட்டம் பெற்றவர்: எழுத்தாளர் லட்சுமியும் தோட்டத்து வாசகியரும்

தமிழில் காதல் கதை எழுதியவர்கள் என்றதும் ஆய்வாளர்கள் பலர் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். பொழுதுபோக்கு எழுத்து, பெண்கள் பத்திரிகைச் சமாச்சாரம் என்று ஒதுக்குவது பழக்கமாகிவிட்டது. மலேசியாவில் சிலாங்கூர் ஆற்றின் வடகரையில் இருக்கும் பாசிர் பெனம்பாங்கிலிருந்தும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் பார்த்தால் இந்த ஒதுக்கல் நியாயமற்றது என்று தெரியும். நம் தாய்மாரும் பாட்டிமாரும் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பெரிய கதைகள் பெரும்பாலும் குடும்ப நாவல்கள். அந்த வகை எழுத்துக்கு மதிப்புத் தேடித் தந்த டாக்டர் திரிபுரசுந்தரி என்னும் லட்சுமியை இந்த மலரில் நினைவுகூர்வது நம் கடமை.

லட்சுமி 1921-ஆம் ஆண்டு திருச்சி மாவட்டத்துத் தொட்டியத்தில் பிறந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்தது. மகளின் படிப்புச் செலவைத் தொடர்ந்து தாங்கத் தந்தையால் முடியவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு ஊர் திரும்ப வேண்டிய நிலை. அந்தப் பெண் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ். வாசனை அணுகினார். 1940-இல் ‘தகுந்த தண்டனையா?’ என்ற அவருடைய முதல் கதை விகடனில் வெளிவந்தது. அடுத்தடுத்துச் சிறுகதைகள், பிறகு ‘பவானி’ என்ற தொடர்கதை. கதைக்குக் கிடைத்த சன்மானம் கல்லூரிக் கட்டணமாயிற்று. இருபது வயதை ஒட்டிய ஒரு மாணவி, தன்னை ஒத்த இளம்பெண்களின் மனத்தை எழுதி, அந்த எழுத்தின் கூலியாலேயே மருத்துவரானார்.

இந்த வரலாறு அவருடைய கதைகளுக்குள்ளும் இறங்கியிருக்கிறது என்பது என் துணிபு. ‘காஞ்சனையின் கனவு’, ‘பெண் மனம்’, ‘மிதிலா விலாஸ்’, ‘ஸ்ரீமதி மைதிலி’ என்று அவர் எழுதிய நாவல்கள் நூற்றைம்பதுக்கும் மேல். காதலும் கல்யாணமும்தான் மேலோட்டமான பொருள். படிப்பு, பணம், வரதட்சணை, பிறந்த வீட்டின் நெருக்கடி, புகுந்த வீட்டில் பெண்ணுக்கு உள்ள மதிப்பு ஆகியவையே அவற்றின் அடிக்கட்டுமானம். அவனைப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வியோடு அவருடைய நாயகியர் நிற்பதில்லை. அவன் வீட்டில் தன் மானத்தோடு வாழ முடியுமா என்றும் கேட்கிறார்கள்.

‘பெண் மனம்’ 1963-இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தோடு, ‘இருவர் உள்ளம்’ என்ற படமாக வந்தது. அதற்கு முன்பே, 1952-இல், ‘காஞ்சனையின் கனவு’ ‘காஞ்சனா’ என்ற பெயரில் திரைக்கு வந்திருந்தது. ‘இருவர் உள்ளம்’ படத்தில் சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் கணவன் மனைவி. பெண்களை விளையாட்டாக நினைத்து வாழ்ந்தவனுக்கு அவள் கட்டாயத்தின் பேரில் வாழ்க்கைப்படுகிறாள். தாலி ஏறிய பிறகும் அவள் உள்ளம் அவனை ஏற்கவில்லை. அவளுடைய மதிப்பை அவன் திருந்தி வாழ்ந்து சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. கணவன் என்பதாலேயே மனைவியின் அன்பு உரிமையாகிவிடாது என்ற கருத்தை, அறுபது ஆண்டுகளுக்கு முன் எளிய மக்களின் பொழுதுபோக்கு வழியாகவே இக்கதை கொண்டுசேர்த்தது.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். கோல சிலாங்கூர்த் தோட்டங்கள் நாவல் உலகுக்குப் புதியவை அல்ல. ரந்தாவ் பஞ்சாங்கில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே 1930-இல் வெளியிட்ட நாவல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அவருடைய நாவலில் தமிழ்த் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஆனால் துரை வீட்டிலிருந்து பார்க்கப்பட்டவர்களாக வருகிறார்கள். அந்தப் புத்தகத்தை அவர்கள் படிக்கவே இல்லை. அவர்கள் தங்கள் மொழியில் வாசகராவதற்கு தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கப்பலேறி வந்த தமிழ் இதழ்களும் தேவைப்பட்டன.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. வசதி குறைந்த அந்தப் பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு முடிந்துவிட்டன. ஆயினும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறைப் பெண்களை அவை உருவாக்கின. விகடன், கல்கி போன்ற இதழ்கள் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்தன. தோட்டத்தில் ஒரு பிரதி லயத்தின் பல காம்பராக்களுக்கு, அதாவது வீடுகளுக்கு, கைமாறும். படிக்கத் தெரிந்தவள் வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தொடர்கதை அங்கே பலர் கூடிப் பேசும் பொருளாயிற்று.

லட்சுமியின் முதல் கதை வந்த அடுத்த ஆண்டு, 1941-இல், பக்கத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தைப் படையைக் கொண்டு அடக்கினார்கள். தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவை எவை என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். படிப்பும் பெண்ணின் மானமும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் அடுத்தடுத்து நின்றன. அதே ஆண்டுகளில் சென்னையில் ஒரு மாணவி தன் கதைகளில் எழுப்பிய கேள்விகளும் இவையே. போராடிய தொழிலாளரும் அந்த மாணவியும் ஒருவரை ஒருவர் அறியார். ஆனாலும் காலம் இரு கரையிலும் ஒரே கேள்வியைக் கேட்டது.

நம் பெண்கள் லட்சுமியைப் படித்ததில் ஒரு தனித்தன்மை உண்டு. தமிழக நடுத்தர வகுப்பு வாசகிக்குப் பெண் வேலைக்குப் போவது புதுமை. தோட்டத்துப் பெண்ணுக்கு அது புதுமையே இல்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ரப்பர்ப் பால்மரம் வெட்டிச் சம்பளம் வாங்கியவள் அவள். அவளிடம் உழைப்பு இருந்தது, கூலியும் இருந்தது. சொல்லுக்குத்தான் மதிப்பில்லை. யாரைக் கட்டுவது, மகளை எந்த வகுப்பு வரை படிக்க வைப்பது என்பதை வீட்டு ஆண்களும் கங்காணியும் தீர்மானித்தார்கள். “எனக்கு இது வேண்டாம்” என்று வாய் திறந்து சொன்ன நாயகியே அவளுக்குப் புதியவள். லட்சுமியின் கதைகள் கடல் கடந்து இங்கே செய்த பெரும்பணி அந்தச் சொல்லைப் பழக்கியதுதான் என்று நான் கருதுகிறேன்.

அவரும் கடல் கடந்தவரே. 1955-இல் கண்ணபிரானை மணந்து தென்னாப்பிரிக்கா சென்றார். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போன தமிழரின் வழித்தோன்றல்கள் வாழும் நாடு அது. நம் முன்னோர் வந்த கப்பலுக்கும் அவர்கள் ஏறிய கப்பலுக்கும் காரணம் ஒன்றே. இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்து 1977-இல் தமிழகம் திரும்பி, மறுபடியும் முழுமூச்சாய் எழுதினார். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1987 ஜனவரியில் மறைந்தார்.

அவருடைய எழுத்துக்கு எல்லைகள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பெரும்பாலான நாயகியர் நடுத்தர வகுப்பினர். சிக்கல்களின் தீர்வு கடைசியில் இல்லறத்துக்குள்ளேயே தேடப்படுகிறது. லயத்துப் பெண் நாயகியாக அந்தக் கதைகளில் இடம்பெறவில்லை. அந்தக் குறையை நிரப்ப வேண்டியவர்கள் நாமே. ஆற்றங்கரை மீன்பிடிக் கிராமத்துச் சீனக் குடும்பங்கள், கம்பத்து மலாய்க்காரர்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது பட்டணத்துக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த நம் மக்கள் ஆகியோருக்கு இடையே வளரும் இன்றைய இளம்பெண்ணின் காதலும் தயக்கமும் இன்னும் நிறைவாக எழுதப்படவில்லை.

ஆகவே இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இயக்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. லட்சுமியின் நாவல்கள் நூலக அலமாரியில் இருக்கட்டும். இளம்பெண்களும் இளைஞர்களும் அவற்றைச் சேர்ந்து படித்து விவாதிக்கட்டும். சுற்றி உட்கார்ந்து கதைகளைக் கேட்ட மூத்த பெண்களின் வாசிப்பு நினைவுகளை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்வோம். கதை எழுதும் மாணவிக்கு நல்ல சன்மானம் கொடுப்போம். ஒரு பத்திரிகை ஆசிரியர் கொடுத்த சன்மானம் ஒரு மருத்துவரையும் ஒரு நாவலாசிரியரையும் சேர்த்தே உருவாக்கியது.