பிடிக்காத கேப்டனுக்குத் தண்ணி அனுப்பிய சவேரியார்

சவேரியார்னு சொன்னா நம்ம பக்கத்து ஆட்களுக்கு மணப்பாடு குகை ஞாபகம் வரும், இல்லன்னா கோவாவில் வச்சிருக்கிற உடல் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வர்றது அவர் 1544ல் எழுதின ரெண்டு கடிதம். ரெண்டும் ஒரே ஆளைப் பத்தினது. அந்த ஆளுக்கும் சவேரியாருக்கும் சுத்தமா ஆகாது.

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கடல் உரிமைச் சண்டையில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடி, 1536-37 வாக்கில் கூட்டங்கூட்டமா ஞானஸ்நானம் வாங்கினாங்க. சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542ல். பாதுகாப்பு கொடுக்க வேண்டியது போர்ச்சுகீசியக் கேப்டனோட வேலை. 1544ல் அந்தப் பதவியில் இருந்தவர் பேரு கோஸ்மே த பைவா.

பாதுகாப்பு கொடுத்தாரா? அவர் குதிரை வியாபாரத்தில் மும்முரமா இருந்தார்! போர்க்குதிரைக்கு அப்போ உள்நாட்டு ராஜாக்கள்கிட்ட அவ்வளவு கிராக்கி. ஜனங்களைக் காக்க வேண்டியவரே அவங்களைச் சுரண்டறார்னு சவேரியாருக்குக் கடுப்பு. கேப்டனும் சும்மா இல்லை. 'நீர் என்னைப் பத்தித் தப்பா பேசறீராம்' என்கிற ரீதியில் ஒரு காரமான கடிதம் எழுதி உறவையே முறிச்சுக்கிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடி தாக்கப்பட்டது. கேப்டனின் கப்பல் எரிஞ்சது, கரையில் இருந்த வீடும் எரிஞ்சது. அவரும் ஊர் ஜனங்களும் எதிரே இருக்கிற தீவுகளுக்கு ஓடிப்போனாங்க. மணல் திட்டுத் தீவுகள். சோறும் இல்லை, குடிதண்ணியும் இல்லை.

திருச்செந்தூர் பக்கம் ஆலந்தலையில் இருந்த சவேரியாருக்குச் சேதி வருது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? 'நல்லா வேணும்'னு ஒரு நிமிஷமாவது தோணாதா? எனக்குக் கண்டிப்பா தோணும் :-)

அவர் செப்டம்பர் 5ம் தேதி தன் கூட்டாளி மான்சிலாஸுக்கு எழுதறார். புன்னைக்காயலில் இருக்கிற வள்ளங்களை எல்லாம் எடுத்துக்கிட்டு, தண்ணியும் சாப்பாடும் ஏத்திக்கிட்டு உடனே கிளம்பச் சொல்றார். கொம்புத்துறை, வேம்பாறு பட்டங்கட்டிகளுக்கும் தகவல் போகுது. நானே போயிருப்பேன், ஆனா என்னைப் பார்த்தா கேப்டனுக்குப் பிடிக்காது, அதனால நீ போ என்கிற மாதிரி ஒரு விளக்கமும் அதில் இருக்கு.

என்னை அசர வச்சது இந்த இடம்தான். நான் எவ்வளவு பெரிய மனுஷன் பார்னு காட்ட இதைவிட நல்ல சான்ஸ் கிடைக்குமா? தாகத்தில் இருக்கிறவன் முன்னாடி தண்ணிக் குடத்தோட போய் நிக்கலாம். அவர் அதைச் செய்யலை. தண்ணி போய்ச் சேரணும், தன் முகம் போக வேண்டாம்.

இதோட முடிஞ்சிருந்தா ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு நல்ல கதை. ரெண்டாவது கடிதம் டிசம்பர் 18, கொச்சியிலிருந்து. அதுவும் மான்சிலாஸுக்குத்தான். பைவா இந்தக் கரையில் அடிச்ச கொள்ளைகளையும், அவர் பேராசையால் தூத்துக்குடியில் விழுந்த சாவுகளையும் நேரடியாவே குறிப்பிடறார். வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லு என்கிறார். ராஜாவுக்கும் கவர்னருக்கும் புகார் எழுதப்போறதையும் அவர்கிட்ட சொல்லிடச் சொல்றார். திருந்துவார்னு நம்பிக்கை இல்லாததால் கேப்டனுக்கு நேரா எழுதலையாம்.

மூணரை மாசத்தில் மனசு மாறிட்டாரா? எனக்கு அப்படித் தோணலை. பகைவரை நேசிக்கச் சொன்ன மலைப்பொழிவு, அவன் செஞ்ச கணக்கை அழிச்சிடுன்னு சொல்லலையே. தாகத்தில் இருக்கும்போது தண்ணி, கரை ஏறினப்புறம் கணக்கு. கணக்கை முன்னாடி கேட்டிருந்தா அது பழிவாங்கல். தண்ணியோட நிறுத்தி, கணக்கே கேக்காம விட்டிருந்தா, அது கேப்டன்கிட்ட பறிகொடுத்த ஜனங்களுக்குச் செஞ்ச துரோகம்.

ஒண்ணு மட்டும் உறுத்துது. கடிதம் எழுதினது சவேரியார். வள்ளம் தள்ளவும் குடம் சுமக்கவும் அவர் நம்பினது பரதவர்களை, அதே கேப்டன்கிட்ட ஏற்கெனவே அவதிப்பட்டவங்களை. தீவில் அவங்க சொந்த ஜனமும் தவிச்சுது, சரிதான். ஆனா பிடிக்காதவங்களை நேசிக்கச் சொல்லி எழுதறவர் பேரு சரித்திரத்தில் நிக்குது. அதுக்காகத் துடுப்புப் போட வேண்டியவங்க பேரு எங்கேயும் காணோம்.