அட்டகத்தி வரை: சிறு படங்களை ஊருக்குச் சொன்ன வானொலியும் தொலைக்காட்சியும்

படம் எடுக்கப் பணம் வேண்டும். எடுத்த படத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லவும் பணம் வேண்டும். பெரிய நடிகர் நடித்த படத்துக்கு இந்த இரண்டாவது கவலை குறைவு, அவர் பெயரே விளம்பரம். ஆனால் புதுமுகங்களை வைத்து, சென்னையின் ஏதோ ஒரு தெருவில், குறைந்த செலவில் எடுத்த படத்தின் நிலைமை வேறு. அப்படி ஒரு படம் வந்திருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிவதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துவிடும், படம் தூக்கப்பட்டுவிடும். அப்படிப்பட்ட படங்கள் சில பிழைத்து, பெயரும் வாங்கியிருக்கின்றன. எப்படி? பெரும்பாலும் வானொலியும் தொலைக்காட்சியும்தான் அவற்றை ஊருக்குச் சொல்லின. அந்த வரலாற்றைச் சென்னையின் மேற்குப் புறநகரிலிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும்.

புறநகருக்கு வந்த சினிமா

அயனம்பாக்கம் என்றால் பலருக்கும் ஏரிதான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் அம்பத்தூர், மறு பக்கம் திருவேற்காடு. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்தப் பகுதி முழுவதும் தொழிலாளர்கள் குடியேறினார்கள். சினிமா பார்க்க வேண்டுமென்றால் அம்பத்தூர் ராக்கி, முருகன் போன்ற கொட்டகைகளுக்கோ, ஆவடி, பூந்தமல்லிப் பக்கமோ போக வேண்டும்.

முன்பெல்லாம் புதுப்படம் முதலில் அண்ணா சாலை, புரசைவாக்கம் போன்ற இடங்களில்தான் ஓடும். படச்சுருள் பிரதி எடுக்க நிறையச் செலவாகும் என்பதால் சில பிரதிகளே போடுவார்கள். நகரத்தில் ஓடி முடித்த பிரதிதான் பிறகு புறநகருக்கு வரும். இதில் சிறு படத்துக்கு ஒரு நன்மையும் இருந்தது. நகரத்தில் பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி, படம் அம்பத்தூர் வந்து சேர்வதற்குள் 'நல்லா இருக்காம்' என்ற பேச்சும் வந்து சேர்ந்துவிடும். வாய்மொழி விளம்பரத்துக்கு வேண்டிய கால அவகாசம் அந்தக் காலத்தில் இருந்தது.

2000களின் நடுப்பகுதியில் டிஜிட்டல் திரையிடல் பரவியதும் இந்த நிலை மாறியது. சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் போன்ற முறைகளால் பிரதிச் செலவு வெகுவாகக் குறைந்தது. ஒரே நாளில் எல்லா ஊரிலும் படத்தைப் போட முடிந்தது. புறநகர் ரசிகருக்கு இது மகிழ்ச்சிதான். ஆனால் சிறு படத்துக்குப் புதிய ஆபத்து. இனி முதல் மூன்று நாட்களிலேயே கூட்டம் வர வேண்டும். வாய்மொழிக்கு நேரமில்லை. அப்படியானால் படம் வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, வீட்டுக்குள்ளும் பேருந்துக்குள்ளும் போகிற ஊடகம்.

இலங்கையிலிருந்து வந்த குரல்

பாட்டை முன்னால் அனுப்பி, படத்தைப் பின்னால் அனுப்புகிற வழக்கம் புதிதல்ல. 1952இல் மத்தியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களை ஒடுக்கினார். அதனால் வளர்ந்தது இலங்கை வானொலி. அதன் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்றவர்களின் குரலைத் தமிழ்நாடே கேட்டது. அகில இந்திய வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் ஆவடியிலேயே இருந்தும், பாட்டுப் பிரியர்கள் கடல் தாண்டிய நிலையத்தைத் தேடி முள்ளைத் திருப்பினார்கள் என்பது வேடிக்கையான உண்மை. 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதே இந்தப் போட்டியைச் சமாளிக்கத்தான்.

1980இல் வந்த 'ஒருதலை ராகம்' இதற்கு நல்ல உதாரணம். முழுக்கப் புதுமுகங்கள். டி. ராஜேந்தர் என்ற பெயரும் அப்போது யாருக்கும் தெரியாது. முதலில் மெதுவாக ஓடத் தொடங்கிய படம், பாடல்கள் வானொலியில் ஒலிக்க ஒலிக்க நின்று ஓடியது. நடிகரின் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் பாட்டு தெரிந்திருந்தது.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை இரவின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடியது. ஆனால் அரை மணி நேரத்தில் எத்தனை பாட்டுக்கு இடம் கிடைக்கும்? 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி வந்த பிறகுதான் சினிமாவுக்கு நாள் முழுவதும் இடம் கிடைத்தது. பாட்டு, முன்னோட்டம், நடிகர் பேட்டி, வாராந்திரத் தரவரிசை என்று எல்லாமே ஒரு வகையில் விளம்பரம்தான். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், டிவி இல்லாத வீடுகளுக்கும் அதைக் கொண்டு போனது.

எஃப்.எம். காலம்

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977இல் சென்னையில்தான் தொடங்கியது. ஆனால் அது மக்களின் அன்றாட வாழ்க்கைக்குள் வந்தது தனியார் நிலையங்கள் வந்த பிறகே. 2003இல் சூரியன் எஃப்.எம்., ரேடியோ மிர்ச்சி; 2006இல் ஹலோ எஃப்.எம்., பிக் எஃப்.எம். என்று அலைவரிசைகள் பெருகின. அதே சமயம் விலை குறைந்த செல்பேசியிலும் எஃப்.எம். வந்துவிட்டது. ஷேர் ஆட்டோ, சலூன், டீக்கடை, தொழிற்பேட்டையின் லேத் பட்டறை என்று எங்கும் அது ஒலித்தது.

இங்கே ஒரு சட்டத்தையும் கவனிக்க வேண்டும். தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி கிடையாது. அப்படியானால் நேரத்தை எதை வைத்து நிரப்புவது? சினிமாப் பாட்டுதான். பழைய பாட்டையே போட்டால் இளைஞர்கள் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். ஆகவே நிலையத்துக்குப் புதுப்பாட்டு தேவை. சிறு படத்துக்கோ தன் பாட்டை யாராவது போட வேண்டும். தேவை இரண்டு பக்கமும் இருந்தது. 2010 ஆகஸ்டில் காப்புரிமை வாரியம், பாடல்களுக்கான உரிமைத்தொகையை நிலையத்தின் நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று நிர்ணயித்ததும் நிலையங்களுக்குச் சாதகமானது.

சில நொடி விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் பாட்டு பிடித்துவிட்டால் நேயர்களே கேட்டு வாங்கி ஒலிக்க வைப்பார்கள். இயக்குநரும் நடிகர்களும் நிலையத்துக்கு வந்து அரட்டை அடிப்பது, தொலைபேசியில் கேள்விக்குப் பதில் சொன்ன நேயருக்கு டிக்கெட் கொடுப்பது என்று அதிகம் செலவில்லாத வழிகளும் உருவாயின.

2007 ஏப்ரல் 27இல் வெளியான 'சென்னை 600028' இந்தக் காலத்தின் படம். எஸ்.பி.பி. சரண் தயாரிப்பு, வெங்கட் பிரபுவின் முதல் படம், யுவன் சங்கர் ராஜா இசை. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை, தெருக் கிரிக்கெட்தான் கதை. அந்த ஆண்டு உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறி, ரசிகர்கள் நொந்து போயிருந்த நேரம். இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள் படம் வந்தது. பாட்டை முன்பே கேட்டிருந்த கல்லூரி மாணவர்கள் கூட்டமாகப் போனார்கள். படம் பெரிய வெற்றி.

அதே எஸ்.பி.பி. சரண், அதே யுவன் சங்கர் ராஜா. 2011இல் வந்த 'ஆரண்ய காண்டம்' சென்னையின் ஒரே நாளில் நடக்கும் கதை. தேசிய விருதுகள் பெற்றது. இன்று தமிழின் முக்கியமான படங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஆனால் திரையரங்கில் ஓடவில்லை. அதில் பாட்டே கிடையாது, பின்னணி இசை மட்டும்தான். தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எஃப்.எம். நிலையம் அந்தப் படத்தில் எதை எடுத்து ஒலிபரப்பும்? பாட்டு இல்லாத சிறு படத்துக்குக் காற்றில் இடமில்லை என்பதே அன்றைய நிலை.

நேரம் யாருடையது?

2008 செப்டம்பரில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. நகுல், சுனைனா நடித்த 'காதலில் விழுந்தேன்' படத்தை வாங்கி வெளியிட்டு, சன் பிக்சர்ஸ் திரைத்துறைக்குள் வந்தது. பி.வி. பிரசாத் இயக்கம், விஜய் ஆண்டனி இசை. பெரிய நடிகர் இல்லாத படம். ஆனால் அதன் முன்னோட்டம் சன் குழுமத் தொலைக்காட்சிகளில் இடைவிடாமல் ஓடியது. 'நாக்க முக்க' பாட்டு பட்டி தொட்டியெல்லாம் பரவியது. டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழ் தன் சென்னை விளம்பரப் படத்துக்கே அந்தப் பாட்டைப் பயன்படுத்தியது.

மற்ற தயாரிப்பாளர்கள் காசு கொடுத்து வாங்க வேண்டிய நேரம், தொலைக்காட்சி வைத்திருப்பவருக்குக் கையில் இருந்தது. அதை ஒரு சின்னப் படத்துக்குக் கொட்டினால் என்ன ஆகும் என்பதை ஊர் பார்த்தது. அதே படம் மதுரைத் திரையரங்குகளில் வெளியாகாமல் தடைபட்டதும் அப்போது பெரிய செய்தியானது. டிவியில் எத்தனை முறை பார்த்தாலும், கொட்டகை திறந்தால்தானே படம்?

ஆவடிப் பக்கத்துப் பையன்

'சென்னை 600028' படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர்களில் ஒருவர் பா. ரஞ்சித். ஆவடி அருகே உள்ள கரலப்பாக்கத்தைச் சேர்ந்தவர், சென்னை கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். அவருடைய முதல் படம் 'அட்டகத்தி' 2012 ஆகஸ்ட் 15இல் வெளியானது. தயாரிப்பாளர் சி.வி. குமாருக்கும் முதல் படம், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்கும் முதல் படம். தினேஷ், நந்திதா என்று முகங்களும் புதிது.

கதை சென்னையை ஒட்டிய ஒரு கிராமத்தில் நடக்கிறது. பேருந்தில் காதலைத் தேடும் பையன், பாஸாகாத ஆங்கிலத் தேர்வு, பிறகு கல்லூரியில் 'ரூட்டு தல' என்ற கெத்து. நகரமும் இல்லாத, முழுக் கிராமமும் இல்லாத இந்த மேற்குப் புறநகர் வாழ்க்கையைத் தமிழ் சினிமா அதுவரை இப்படிக் காட்டியதில்லை.

இந்தப் படத்தை ஊருக்கு அறிமுகப்படுத்தியது 'ஆடி போனா ஆவணி' என்ற பாட்டு. பாடியவர் கானா பாலா. கானா என்பது சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பிறந்த பாட்டு. 1990களில் தேவாவின் இசையில் அது சினிமாவில் புகழ் பெற்றது என்றாலும், பாலாவின் குரலில் அந்தத் தெருவின் வாசனை அப்படியே இருந்தது. பேருந்துப் படிக்கட்டில் தாளம் தட்டி மாணவர்கள் பாடிய கானா, படத்துக்குள் போய், எஃப்.எம். வழியாக மறுபடியும் அதே பேருந்துக்கே திரும்பி வந்தது. இசைச் சேனல்களிலும் அது ஓடியது. படத்தில் யார் நடிக்கிறார் என்று தெரியாதவர்களும் பாட்டை முணுமுணுத்தார்கள். படத்தை ஞானவேல் ராஜாவின் ஸ்டுடியோ கிரீன் நிறுவனம் வாங்கி வெளியிட்டதால், கொட்டகைகளும் கிடைத்தன. பாட்டு, வெளியிடும் கை இரண்டும் சேர்ந்தபோது சிறு படம் பிழைத்தது. அடுத்த நான்கே ஆண்டுகளில், 2016இல், ரஞ்சித்தும் சந்தோஷ் நாராயணனும் ரஜினிகாந்தின் 'கபாலி'யில் இருந்தார்கள்.

தொலைக்காட்சி இயக்குநர்களையே உருவாக்கித் தந்ததும் இதே காலத்தில்தான். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குனர்' குறும்படப் போட்டியில் கலந்துகொண்ட கார்த்திக் சுப்பராஜ் 'பீட்சா' (2012) எடுத்தார், நலன் குமாரசாமி 'சூது கவ்வும்' (2013) எடுத்தார். இரண்டுக்கும் தயாரிப்பாளர் சி.வி. குமார், இசை சந்தோஷ் நாராயணன். படம் வருவதற்கு முன்பே இயக்குநரின் முகம் வீடுகளுக்குத் தெரிந்திருந்தது.

இன்று

அதன் பிறகு தொலைக்காட்சிகள் சிறு படங்களின் ஒளிபரப்பு உரிமையை வாங்கத் தயங்கின. அந்த வருமானத்தை நம்பிப் படம் எடுத்தவர்கள் தவித்தார்கள். இப்போது யூடியூப், இன்ஸ்டாகிராம், ஓடிடி என்று வழிகள் மாறிவிட்டன. யாரும் தன் முன்னோட்டத்தைப் போடலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் லட்சம் முன்னோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு படத்தை யார் கவனிப்பார்கள்? எஃப்.எம்.மில் விருப்பம் இல்லாமலே காதில் விழுந்த பாட்டு, ஷேர் ஆட்டோவில் இருந்த எட்டுப் பேருக்கும் ஒன்றாகத்தான் விழுந்தது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவரவர் செல்பேசியைப் பார்க்கும்போது அந்தப் பொதுக் காது இல்லாமல் போகிறது.

திறமை இருந்தால் படம் தானாக ஓடும் என்று சொல்வது எளிது. 'ஆரண்ய காண்டம்' அது உண்மையில்லை என்று காட்டியது. 'காதலில் விழுந்தேன்' நேரம் யார் கையில் இருக்கிறதோ அவர் கை ஓங்கும் என்று காட்டியது. 'அட்டகத்தி' காட்டியது மூன்றாவது வழி: ஓர் ஊரின் சொந்தப் பாட்டு சரியான நேரத்தில் காற்றில் ஏறினால், ஆவடிப் பக்கத்துப் பையனின் கதையையும் தமிழ்நாடு வந்து பார்க்கும். ஆனால் அந்தக் கதவைத் திறக்கும் கை எப்போதும் வேறு யாரிடமோதான் இருந்தது. அடுத்த 'அட்டகத்தி'க்கு அதைத் திறக்கப் போவது யார் என்பதுதான் இன்றைய கேள்வி.