உப்பும் நாட்பட்ட நோய்த் தடுப்பும்: தூத்துக்குடி உப்பளக் கரை வழியே ஒரு வரலாறு

உயர் இரத்த அழுத்தம், பக்கவாதம், இதய நோய், சிறுநீரக நோய் ஆகிய நாட்பட்ட நோய்களோடு நெருங்கிய தொடர்புடைய உணவுப் பழக்கங்களுள் ஒன்று, உப்பை மிகுதியாக உண்பது. இந்தியாவின் உப்பில் பெரும்பகுதி குஜராத், தமிழ்நாடு, ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் விளைகிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி மாவட்டம் இதில் முன்னிலை வகிக்கிறது. தூத்துக்குடி நகருக்குத் தெற்கே திருச்செந்தூர் சாலையில் அமைந்த முத்தையாபுரமும் அதன் சுற்றுப்புறமும் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் மட்டுமல்லாமல் உப்பளங்களுக்கும் பெயர் பெற்றவை. இக்கரையின் உப்பு கடந்த நூறாண்டில் முதலில் ஏழையின் உரிமையாகவும், பின்னர் நோய் தடுக்கும் அயோடினைச் சுமக்கும் பொருளாகவும், இன்று அளவறிந்து உண்ண வேண்டிய பொருளாகவும் பார்க்கப்பட்டு வந்துள்ளது.

உப்பு விளையும் முறை

கடல்நீர் அல்லது ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து இறைக்கப்படும் உவர்நீர் பாத்திகளில் தேக்கப்பட்டு, வெயிலிலும் காற்றிலும் வற்றி உப்பாகப் படிகிறது. ஏறத்தாழ ஜனவரி முதல் செப்டம்பர் வரை விளைச்சல் நடக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை நின்றுவிடும். படிந்த உப்பைப் பலகையால் வாரிக் கரையேற்றுவதும் தலைச்சுமையாகக் கொண்டு சென்று அம்பாரமாகக் குவிப்பதும் நெடுங்காலமாக ஆண்களும் பெண்களும் செய்துவரும் வேலைகள். சங்க இலக்கியத்தில் உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற வணிகர் உமணர் எனப்பட்டனர். குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் மீனைக் கெடாமல் காத்ததும் உப்பே. கடற்கரை ஊர்களின் கருவாட்டுத் தொழில் அதனால்தான் உப்பளத்தோடு சேர்ந்தே வளர்ந்தது.

வரியும் உரிமையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் உப்பு வரிக்குரிய பொருளாக இருந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யம் சென்று, ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு எடுத்தனர். வெயிலில் உழைத்து வியர்வை சிந்தும் ஏழைக்கு உப்பு இன்றியமையாதது, அதன்மீது வரி விதிப்பது அநீதி என்பது அப்போராட்டத்தின் அடிப்படை. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே உப்பு வரியும் நீங்கியது.

இப்போராட்டத்தை நாடெங்கும் முன்னெடுத்த காந்தியே தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபோது, கஸ்தூரிபாவின் உடல்நலக் குறைவையொட்டி, உப்பையும் பருப்பையும் சில காலம் கைவிட்டவர். உப்பு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதும், கிடைப்பதை அளவோடு உண்ண வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

உப்பில் அயோடின்

உணவில் அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாடும் ஏற்படுகின்றன. மருத்துவர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் இமாசலப் பகுதியின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு வழங்கப்பட்ட இடங்களில் கழலை குறைவதைக் காட்டியது. இதன் தொடர்ச்சியாக 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது.

அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 1998இல் விதிக்கப்பட்ட தடை 2000இல் விலக்கப்பட்டு, 2006இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. உப்பு விளையும் பகுதிகளில் இம்மாற்றம் எளிதாக இருக்கவில்லை. பக்கத்து அளத்திலிருந்து குறைந்த விலைக்குக் கல் உப்பு கிடைக்கும்போது, அயோடின் கலந்து பொட்டலமிட்ட உப்பை வாங்கப் பலருக்குக் காரணம் தோன்றவில்லை. சிறு உற்பத்தியாளர்களுக்குப் பொட்டாசியம் அயோடேட்டுக் கரைசல் தெளிக்கும் கருவியும் கூடுதல் செலவாயிற்று.

ஆயினும் இத்திட்டத்துக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. மக்கள் தம் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. வழக்கமாகப் போடும் உப்பை வழக்கம்போல் போட்டாலே அயோடின் உடலில் சேர்ந்துவிடும். உப்பைக் குறைக்கும் முயற்சிக்கு இந்த வசதி கிடையாது.

உப்பும் இரத்த அழுத்தமும்

உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பிரான்சு மருத்துவர்கள் அம்பார்டும் போசாரும் 1904இல் எழுதினர். 1940களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், கடுமையான இரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சோறும் பழங்களும் கொண்ட, உப்பு மிகக் குறைந்த உணவைக் கொடுத்துப் பலரிடம் அழுத்தம் குறைவதைக் கண்டார். 1960இல் லூயிஸ் டால், வெவ்வேறு நாட்டு மக்களின் உப்பு அளவை ஒப்பிட்டு, மிகுதியாக உப்பு உண்ட வட ஜப்பானில் இரத்த அழுத்த நோயும் மிகுந்திருப்பதைச் சுட்டினார். ஊறவைத்த காய்களும் உப்பிட்ட மீனும் அப்பகுதி மக்களின் அன்றாட உணவாக இருந்தன.

1988இல் வெளியான 'இன்டர்சால்ட்' ஆய்வு 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த 10,079 பேரை ஆராய்ந்தது. உப்பை மிகக் குறைவாக உண்ணும் அமேசான் காட்டு யானோமாமி பழங்குடியினரிடம், வயது ஏறினாலும் இரத்த அழுத்தம் ஏறவில்லை. முதுமையில் அழுத்தம் உயர்வது இயற்கை என்ற பொதுவான எண்ணத்தை இது கேள்விக்குள்ளாக்கியது. இன்று உலக நலவாழ்வு அமைப்பு, வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு உண்ணப் பரிந்துரைக்கிறது. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி.

தமிழ்நாட்டின் நிலை

சென்னை மக்களிடையே நடந்த ஓர் ஆய்வு, ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 8.5 கிராம் உப்பு உண்பதாக 2007இல் தெரிவித்தது. 2020ஆம் ஆண்டின் மாநில அளவிலான கணக்கெடுப்பில், வளர்ந்தவர்களில் 33.9 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. அவர்களில் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. அறிகுறி ஏதுமின்றியே உடலைத் தாக்கும் நோய் என்பதால், பக்கவாதம் வந்த பிறகே பலருக்கு அது தெரியவருகிறது.

இந்நிலையில் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. களப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, தொடர்ந்து உண்ண வேண்டிய மாத்திரைகளை வழங்குகின்றனர். கூலி வேலையை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கு இம்முறை பெரிதும் பயன்படுகிறது. 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதைப் பெற்றது.

சமையலறையின் பங்கு

பிரிட்டன் போன்ற நாடுகளில் உணவின் உப்பில் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி போன்ற கடைப் பொருள்கள் வழியே சேர்கிறது. அங்கு அரசு உற்பத்தியாளர்களோடு பேசி, பொருள்களின் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைக்கச் செய்ய முடிந்தது. தமிழ்நாட்டில் பெரும்பாலான உப்பு வீட்டு அடுப்பிலேயே சேர்கிறது. சோறு, குழம்பு, பொரியல், மோர் என ஒவ்வொன்றிலும் உப்பு விழுகிறது. இவற்றோடு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வத்தல், கருவாடு ஆகியவையும் சேர்கின்றன.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது பழமொழி. ஆனால் நாக்கு பழக்கத்துக்கு உட்பட்டது. உப்பைப் படிப்படியாகக் குறைத்தால் சில வாரங்களில் குறைந்த உப்பே போதுமென நாக்கு ஏற்றுக்கொள்கிறது. சோறு வடிக்கும்போது உப்பைத் தவிர்ப்பது, புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம் ஆகியவற்றால் சுவை கூட்டுவது, கருவாட்டைப் பலமுறை நீரில் அலசிய பின் சமைப்பது, ஊறுகாயை நாள்தோறும் தொட்டுக்கொள்ளாமல் இருப்பது ஆகியவை எளிய வழிகள். காய்கறி, பழம், கீரை ஆகியவற்றில் உள்ள பொட்டாசியமும் இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுகிறது.

உப்பளத் தொழிலாளரின் உடல்நலம்

உப்பைப் பற்றிய நலவாழ்வுப் பேச்சில் அதை விளைவிப்பவர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. நிழலற்ற வெளியில், வெள்ளைப் பாத்திகளில் பட்டுத் திரும்பும் வெயிலில் அவர்கள் வேலை செய்கின்றனர். கண் எரிச்சலும் கால் வெடிப்பும் இத்தொழிலின் பழைய துன்பங்கள். கழிப்பறை இல்லாத அளங்களில், சிறுநீர் கழிக்க இடமில்லை என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். கடும் வெப்பத்தில் நீரிழப்பு மீண்டும் மீண்டும் நேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். தமிழ்நாட்டு உப்பளங்களில் அண்மை ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளும் தொழிலாளரிடையே வெப்பத் தாக்கத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டுக் குறைவையும் பதிவு செய்துள்ளன.

இங்கு நோய்த் தடுப்பு தனிமனிதப் பழக்கத்தால் மட்டும் அமைவதில்லை. தண்ணீர் குடிக்கும் பழக்கம் உண்டாவதற்குக் குடிநீரும் நிழலும் கழிப்பறையும் முதலில் அமைய வேண்டும்.

பொட்டாசியம் கலந்த உப்பு

சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு, உப்பின் வரலாற்றில் அடுத்த கட்டமாகும். சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இவ்வகை உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. அயோடினைப் போலவே இதிலும் சமையல் முறையை மாற்ற வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் உலக நலவாழ்வு அமைப்பும் வீட்டுப் பயன்பாட்டுக்கு இதனைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு இப்பரிந்துரை பொருந்தாது. பழுதான சிறுநீரகத்தால் மிகுந்த பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. அது இதயத் துடிப்பையே பாதிக்கும்.

எனவே வெயிலில் உழைத்துச் சிறுநீரகம் தளர்ந்த உப்பளத் தொழிலாளி, பரிசோதனை இன்றி இந்தப் புதிய உப்புக்கு மாறுவது பாதுகாப்பானதல்ல. உப்பளக் கரை ஊர்களில் இரத்த அழுத்தப் பரிசோதனையோடு சிறுநீரகப் பரிசோதனையும் சேர்ந்து நடப்பது இதனால் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.