தோட்டத்துத் தண்ணீரும் தெருத் தண்ணீரும்

கொஞ்ச நாளாக அமெரிக்கப் புறநகர்களின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கடன், நெடுஞ்சாலை, கார் என்று பெரிய விஷயங்களுக்கு நடுவில் ஒரு விளையாட்டுச் சாமான் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. நீளமான ஒரு வழுக்கு விரிப்பு. புல்தரையில் விரித்து, செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் குழாயை மாட்டிவிட்டால் போதும். பிள்ளைகள் ஓடிவந்து தொப்பென்று விழுந்து, வயிற்றாலேயே மறுமுனை வரை சறுக்குவார்கள். பெயர் 'ஸ்லிப் என் ஸ்லைட்'. இதுல என்னங்க வரலாறு என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

இடம், லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த லேக்வுட். அவரைத் தோட்டமாக இருந்த நிலத்தில் 1950க்குப் பிறகு மூன்று நான்கு வருடங்களில் சுமார் 17,500 வீடுகள் எழும்பின. அங்கே குடியிருந்த ராபர்ட் கேரியர், படகு செய்யும் கம்பெனியில் இருக்கைகளுக்கு உறை தைக்கிறவர். 1960 கோடையில் அவர் மகனும் கூட்டாளிகளும் பெயிண்ட் அடித்த சிமெண்ட் தரையை நனைத்து, அதில் சறுக்கி விளையாடுவதைப் பார்த்தார். வழுக்கும்தான், ஆனால் விழுந்தால் சிமெண்ட் சிமெண்ட்தானே? மண்டை உடையும், முட்டி பெயரும்.

திட்டி உள்ளே அனுப்பியிருக்கலாம். அவரோ வேலையிடத்திலிருந்து ஒரு நாகஹைட் சுருளைக் கொண்டுவந்தார். நாகஹைட் என்பது துணிமேல் வினைல் பூசிய செயற்கைத் தோல், சோபாவுக்கும் படகு இருக்கைக்கும் போடுவது. அந்தச் சுருள் சுமார் 50 அடி நீளம். அதன் ஒரு ஓரத்தை மடித்து, நீளவாக்கில் ஒரு குழாய் மாதிரி தைத்தார். ஒரு முனையில் ஹோஸ், மறுமுனை அடைப்பு. உள்ளே அழுத்தம் ஏற ஏற, தையல் இடைவெளிகள் வழியாகத் தண்ணீர் வெளியேறி விரிப்பு முழுக்கப் பரவும். இவ்வளவுதான் விஷயம். ஊசியும் நூலும் பிடிக்கத் தெரிந்தவனின் மூளை! 1961 மே மாதம் காப்புரிமை கிடைத்தது. ஹூலா ஹூப்பும் ஃப்ரிஸ்பீயும் விற்றுக்கொண்டிருந்த வாம்-ஓ கம்பெனி அந்த வருடமே இதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1992 வரை சுமார் 90 லட்சம் விற்றிருக்கிறது.

ஒரு தெருவையே கூட்டும் சாமான் இது. ஒருவர் சறுக்கும்போது மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும், அதனால் தனியாக விளையாடுவதில் சுவாரசியமே இல்லை. பெரியவர் ஒருவர் குழாயடியில் நிற்க வேண்டும். ஒரு வீட்டுப் புல்தரையில் சத்தம் கேட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து நிற்கும், பின்னாலேயே துண்டோடு அதன் அம்மா. காசு கொடுத்து நீச்சல் குளம் வெட்ட முடியாதவர்களுக்கும் கோடை ஒன்று கிடைத்தது.

ஆனால் அந்தப் புல்தரை யாருக்கு இருந்தது? நான் கேட்க வந்த கேள்வி இதுதான். குறிப்பிட்ட இனத்தவருக்கு வீடு விற்கக்கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948லேயே சொல்லிவிட்டது. இருந்தும் கடன் தருபவர்களும் விற்பவர்களும் சேர்ந்து புதிய புறநகர்களை வெள்ளையர் பகுதிகளாகவே வைத்திருந்தார்கள். லேக்வுட்டும் அப்படித்தான். எனவே அந்த விரிப்பைச் சுற்றிக் கூடிய 'அக்கம்பக்கம்' தானாக அமைந்ததல்ல, பொறுக்கி எடுத்துக் குடிவைத்தது.

பொதுக் குளங்களின் கதை இன்னும் மோசம். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம் ஐந்து பொதுக் குளங்கள் நடத்தியது. நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. பிரித்துவைப்பது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னதும், நகரம் குளம் நடத்துவதையே கைவிட்டது. சேர்ந்து குளிப்பதைவிட யாருமே குளிக்காமல் இருப்பது மேல் என்ற முடிவு! 1971இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அதை அனுமதித்தது. பொதுக் குளங்கள் இப்படி மூடப்பட்ட காலமும், விளையாட்டுத் தண்ணீர் வீட்டுத் தோட்டத்துக்குள் குடியேறிய காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டார்கள். அதுவும் வீட்டாரும் அண்டைவீட்டாரும் கூடும் தண்ணீர் விளையாட்டுதான், குழாய் மட்டும் அரசாங்கத்துடையது. 1966 ஜூலையில், கடும் வெயிலில், சிகாகோவின் மேற்குப் பகுதியில் போலீஸ் அந்தக் குழாய்களை மூடப்போனது. தகராறு கலவரமாகி, தேசியக் காவல் படை இறங்கும் அளவுக்குப் போனது. இரண்டு பேர் இறந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் அப்போது அந்த ஊரில்தான் இருந்தார். கறுப்பினத்தவருக்கும் எல்லாப் பகுதிகளிலும் வீடு கிடைக்க வேண்டும் என்ற போராட்டத்துக்காக வந்திருந்தார். அவர் மேயர் டேலியைச் சந்தித்த பிறகு, குழாய்களில் தண்ணீரைச் சிதறவிடும் மூடிகளை மாட்டவும், தூக்கிச்செல்லக்கூடிய சிறு குளங்களைக் கொண்டுவரவும் நகரம் இறங்கிவந்தது.

மூடி மாட்டுவதில் நியாயம் இருக்கிறது. நியூயார்க் நகர நிர்வாகத்தின் கணக்குப்படி, முழுக்கத் திறந்த குழாயிலிருந்து நிமிடத்துக்கு 1,000 கேலன் வரை கொட்டும். சிதறல் மூடி போட்டால் 20, 25 கேலன்தான். தீப்பிடித்தால் அணைக்க அழுத்தமும் மிஞ்சும். ஆக, ஒரு இரும்பு மூடி போதுமாக இருந்த பிரச்சினை. அந்த மூடி ஊர் முழுக்க வருவதற்கு இரண்டு உயிர் போக வேண்டியிருந்தது.

இப்போது பலரும் கடை விரிப்பை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் ஷீட்டும் சோப்புத் தண்ணீருமாகத் தாங்களே செய்கிறார்கள். செய்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1993இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த விரிப்பு பற்றி எச்சரித்தது. 1973 முதல் 1991 வரை ஏழு பெரியவர்களுக்கும் 13 வயதுப் பிள்ளை ஒன்றுக்கும் கழுத்தில் காயமோ பக்கவாதமோ ஏற்பட்டிருந்தது. உயரமும் எடையும் கூடியவர்கள் பாய்ந்து விழுந்து சட்டென்று நின்றால், உடம்பின் வேகம் முழுக்கக் கழுத்தில் இறங்கித் தண்டுவடத்தை நசுக்கும். பிள்ளைகளுக்கென்று செய்தது, பிள்ளைகள் சறுக்கட்டும். அப்பாக்கள் குழாயடியில் நின்றால் போதும்.

ஆறே வருட இடைவெளியில் ஒரே நாட்டில் இரண்டு கோடைகள். ஒரு ஊரில் பிள்ளைகள் நனைந்தது காப்புரிமையாக முடிந்தது, இன்னொரு ஊரில் போலீஸ் கேஸாக முடிந்தது. வெயில் இரண்டு இடத்திலும் ஒரே வெயில்தான்.