பெருமீன் தூண்டிலியல்: இரை, கருவி, பேணல்
இங்கிலாந்தின் கெண்டைக் குளங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

நன்னீரில் தூண்டிலிடுவோரை அவர்களின் நோக்கம் பற்றி மூன்றாக வகுக்கலாம். உணவுக்காகப் பிடிப்போர் முதல் வகை. குறித்த நேரத்துக்குள் மொத்த எடையில் முந்தப் போட்டியிடுவோர் இரண்டாம் வகை. ஓர் இனத்தின் மிகப் பெரிய மீனை மட்டும் நாடிக் காத்திருப்போர் மூன்றாம் வகை. இம்மூன்றாம் வகையினரின் செயலைப் பெருமீன் தூண்டில் என்று இங்கே குறிப்போம்.

அதன் இலக்கணம் இது: ஒரு நீர்நிலையில் ஓரினம் எட்டக்கூடிய வளர்ச்சியின் உச்சத்தை நெருங்கிய மீனைக் குறிவைத்துப் பிடித்து, எடை கண்டு, அதே நீரில் உயிருடன் விடுதல். குறி, பிடிப்பு, அளவை, விடுகை என்ற நான்கு உறுப்புகள் இதில் அடங்கும். நான்காவது உறுப்பே இந்த இலக்கணத்தின் உயிர்நிலை என்பதும், மற்ற மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டவை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இனம் சாதாக் கெண்டை. 1939இல் இலங்கையிலிருந்து உதகைக்குக் கொணரப்பட்ட கண்ணாடிக் கெண்டையும் இவ்வினத்தின் வகையே. எனினும் இக்கெண்டையைக் குறிவைக்கும் தூண்டில்கலை ஒழுங்குபட வளர்ந்த இடம் இங்கிலாந்து. 1952 செப்டம்பர் 13 அன்று, ஹெர்ஃபோர்ட்ஷயர் பகுதியின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ, எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். கிளாரிஸா என்று பெயர் பெற்ற அம்மீன் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையின் தொட்டியில் 1971 வரை வாழ்ந்தது. 1980இல் கிறிஸ் யேட்ஸ் அதே குளத்தில் 51½ பவுண்டு மீனைப் பிடித்து, அக்குளத்திலேயே விட்டார். தொட்டிக்குச் சென்ற மீனுக்கும் குளத்துக்கே திரும்பிய மீனுக்கும் இடையிலான வேறுபாட்டில் இக்கலையின் வளர்ச்சி அடங்கியிருக்கிறது.

2. இரை

2.1 உண்ணும் முறை. இரையை வகுக்குமுன் கெண்டையின் வாயை அறிய வேண்டும். கெண்டை உணவைக் கடித்துப் பற்றுவதில்லை. உதடுகளை முன்னே நீட்டி, நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. வாயினுள் சுவை தேர்ந்து, ஒவ்வாததை உமிழ்கிறது. ஏற்றதைத் தொண்டைப் பற்களால் அரைக்கிறது. அதற்கு இரைப்பை கிடையாது; அரைத்தது நேரே குடலுக்குச் செல்கிறது. இரை பற்றிய விதிகள் பலவும் இவ்வமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

2.2 வகைகள். இரை மூவகைப்படும். மண்புழு, ஈப்புழு முதலியன இயல்பிரை. ரொட்டி, மக்காச்சோளம், கொண்டைக்கடலை முதலியன விளைபொருள் இரை. யேட்ஸின் 1980ஆம் ஆண்டு மீன் மக்காச்சோள மணிகளுக்கே மசிந்தது. மூன்றாவது அவியுருண்டை: மாவையும் பால் புரதத்தையும் முட்டை விட்டுப் பிசைந்து, உருட்டி, கொதிநீரில் இட்டு எடுப்பது. கொதிநீர் உருண்டைக்கு ஒரு கெட்டித் தோலைத் தருகிறது. அதனால் சிறு மீன்கள் கொத்திக் கரைக்க முடியாமல், பெருமீன் வரும்வரை இரை நிலைக்கிறது. ஊட்டம் மிக்க இரையையே கெண்டை நாளடைவில் விரும்பித் தேடும் என்ற கொள்கையை ஃப்ரெட் வில்டன் முன்வைத்த பின்னர், இவ்வகையே தலைமை பெற்றது.

2.3 தகுதி. இரைக்குரிய தகுதிகள் மூன்று. முதலாவது பருவத்துக்கு ஒத்தல்: குளிர்நீரில் கெண்டையின் செரிமானம் மந்தப்படுவதால், எண்ணெய் குறைந்த, எளிதில் செரிக்கும் இரையைச் சிறிதளவே இட வேண்டும். இரண்டாவது பக்குவம்: உலர்ந்த பயறும் கொட்டையும் ஊறாமல் உள்ளே சென்றால் குடலிலேயே பருக்கும். ஆகவே அவற்றை நன்கு ஊறவைத்து வேகவைத்த பின்னரே இட வேண்டும். பல குளங்களில் கொட்டைகளுக்குத் தடையே உண்டு. மூன்றாவது அளவு: உண்ணாமல் எஞ்சிய இரை அழுகும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்கிறது. இம்மூன்றில் பின்னிரண்டும் மீனை ஈர்ப்பதற்கானவை அல்ல, காப்பதற்கானவை.

3. கருவி

3.1 கோலும் நரம்பும். கோலின் வலிமையை வளைவெடையால் அளப்பர். கோலின் நுனி அடிப்பகுதிக்குச் செங்கோணமாக வளையும்வரை இழுக்கத் தேவைப்படும் எடை வளைவெடை எனப்படும். இன்றைய கெண்டைக் கோல்களில் அது பெரும்பாலும் 2½ முதல் 3½ பவுண்டு வரை இருக்கும். வளைவெடையை ஐந்தால் பெருக்கினால் பொருத்தமான நரம்பின் வலிமை கிடைக்கும் என்பது பழகிய கணக்கு; 3 பவுண்டுக் கோலுக்கு 15 பவுண்டு நரம்பு. மெல்லிய நரம்பால் பெருமீனை வெல்வதைத் திறமையாகக் கருதுவோர் உளர். நாம் அதை ஏற்கவில்லை. நரம்பு மெலியுமளவு போராட்டம் நீளும். அறுந்தாலோ முள் மீனின் வாயிலேயே தங்கும்.

3.2 இழைக்கட்டு. முள்ளில் கோத்த இரையின் விறைப்பையும் எடையையும் வாயால் உணர்ந்து கெண்டை உமிழ்ந்துவிடுவது நெடுங்காலச் சிக்கலாக இருந்தது. லென் மிடில்டனும் கெவின் மாடக்ஸும் அதற்குத் தீர்வு கண்டனர். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் மயிர் போன்ற நுண்ணிழையில் கட்டினர். இரை தடையின்றி வாய்க்குள் செல்கிறது. வெற்று முள் அதன் பின்னே செல்கிறது. கெண்டை உமிழும்போது முள்ளின் முனை கீழுதட்டில் ஊன்றுகிறது. 2 அல்லது 3 அவுன்ஸ் எடையுள்ள ஈயத்தோடு இதை இணைத்தால், திடுக்கிட்டு ஓடும் மீன் ஈயத்தின் கனத்தாலேயே முள்ளை ஆழப் பதித்துக்கொள்கிறது. இதைத் தன்னூன்றல் என்று வழங்குவோம். முள் தொண்டைக்குப் போகாமல் உதட்டிலேயே நிற்பதால், கழற்றுவதும் எளிதாகிறது.

3.3 விடுபடுமை. தன்னூன்றலுக்கு ஒரு தீங்கும் உண்டு. நரம்பு அறுந்தால் மீன் ஈயத்தை இழுத்துத் திரியும். அது கொடியிலோ வேரிலோ சிக்கினால் மீன் கட்டுண்டு சாகும். இதைத் தடுக்கவே, இழுவை மிகும்போது ஈயத்தைத் தானே கழலவிடும் பிடிப்பான் அமைந்தது. கருவியின் ஒவ்வோர் உறுப்பும் தோற்கும் வேளையில் மீனை விடுவிக்கும் தன்மையே விடுபடுமை. முள்ளின் முனையருகே பின்னோக்கி நிற்கும் கூரான எதிர்முள் பற்றிய வாதமும் இதில் அடங்கும். எதிர்முள் உள்ள முள் ஓரிடத்தில் அசையாது நிற்கும், கழற்றும்போது சதையைக் கிழிக்கும். எதிர்முள் அற்றது போராட்டத்தில் சற்று நகரக்கூடும், ஆனால் எளிதில் கழலும். நரம்பு அறுந்தாலும் மீனே அதை உதிர்க்க வாய்ப்புண்டு. விடுபடுமையை அளவுகோலாகக் கொண்டால் பின்னதே சிறந்தது.

4. பேணல்

பேணலை ஐந்து நிலைகளாகப் பகுக்கலாம்.

போராட்டம்: விரைந்தோடும் மீனின் வெண்தசை ஆக்சிஜன் இன்றியே உழைப்பதால், லாக்டிக் அமிலம் திரள்கிறது. கோடையில் இது கடுமையாகும். ஏனெனில் 10 பாகை வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கொள்ளும் நன்னீர், 25 பாகையில் 8.3 மில்லிகிராமே கொள்ளும். எனவே வெப்பக் காலத்தில் போராட்டத்தை விரைந்து முடிக்க வேண்டும்.

ஏந்தல்: அகன்ற, முடிச்சற்ற ஏந்துவலையில் மீனை நீருக்குள்ளேயே ஏந்தி, சிறிது ஆறவிட வேண்டும். மெத்தையும் தராசும் நீரும் ஆயத்தமாகும்வரை அதைக் கரையேற்றலாகாது.

கழற்றல்: நனைத்த மெத்தையில் கிடத்தி, நனைந்த கையால் மட்டுமே தொட வேண்டும். செதிலை மூடிய வழுவழுப்புப் படலமே மீனின் முதற்காப்பு; அது உரிந்த இடத்தில் பூஞ்சை பற்றும்.

அளவை: நனைந்த தூளியின் எடையை முன்பே கழித்து, தூளியிலிட்டு நிறுக்க வேண்டும். படமெடுக்கும்போது மெத்தைக்கு மேலே தாழ்வாகப் பிடிக்க வேண்டும். நீருக்கு வெளியே செவுளின் மெல்லிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், மூச்சு நின்றுபோகிறது. நேரத்தின் அருமை இதனால் விளங்கும்.

விடுகை: நீரினுள் நிமிர்த்திப் பிடித்து, தன் வலிமையால் நீந்தத் தொடங்கியபின் விட வேண்டும். பின்னர் வலையையும் மெத்தையையும் கழுவி உலர்த்துவதும் விடுகையின் பகுதியே. கெண்டைகளைக் கூட்டமாகக் கொல்லும் கோய் ஹெர்பிஸ் நச்சுயிரி நோய், ஈர வலை வழியே ஒரு குளத்திலிருந்து மறு குளத்துக்குப் பரவக்கூடும்.

5. முடிபு

இங்கிலாந்தின் ப்ளூபெல் ஏரிகளில் வாழ்ந்த பென்சன் என்னும் கெண்டை, 2009இல் இறக்குமுன் அறுபதுக்கு மேற்பட்ட முறை பிடிபட்டதாகப் பதிவாகியுள்ளது. ஒவ்வொரு பிடிப்பும் முந்தையவரின் பேணலால் இயன்றது. அவருள் ஒருவர் தவறியிருந்தாலும் பின்வந்தோருக்கு அம்மீன் இல்லை.

இதனால் பெறப்படுவது: செயல் இரையில் தொடங்கிக் கருவி வழியே பேணலில் முடிகிறது, சிந்தனையோ பேணலில் தொடங்கிக் கருவி வழியே இரைக்கு வர வேண்டும். கரையின் இந்த இடத்தில் பெருமீனைச் சேதமின்றி ஏந்த முடியுமா என்பது முதற்கேள்வி. நீரடியில் உள்ள வேரையும் கொடியையும் மீறி இக்கருவி அதைக் கொணருமா, அறுந்தால் விடுவிக்குமா என்பது இரண்டாவது. எந்த இரை என்பது மூன்றாவதே. முதலிரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைக்காத இடத்தில், எத்தனை பெரிய கெண்டை கண்ணுக்குத் தெரிந்தாலும், இரையை நீரில் இடாதிருப்பதே இக்கலையின் ஒழுங்கு.