இது பைக் கவாசாகி இல்லை

கவாசாகி என்றால் பைக்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது டோமிசாகு கவாசாகி, டோக்கியோ செஞ்சிலுவை மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர்.

1961 ஜனவரியில் நாலு வயதுப் பையன் ஒருவனை அவரிடம் கொண்டுவந்தார்கள். விடாத காய்ச்சல், பீளை தள்ளாமலே சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி மாதிரி நாக்கு, உடம்பெல்லாம் தடிப்பு. பையன் தேறிவிட்டான். என்ன நோய் என்றுதான் தெரியவில்லை. கவாசாகி அப்படியே எழுதி வைத்தார். (எத்தனை டாக்டர் இப்படி எழுதுவார்கள்?) அடுத்த வருடம் இன்னொரு குழந்தை, அதே அடையாளங்கள். 1967ல் 50 குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார், ஜப்பானிய மொழியில். ஆங்கிலத்தில் வர 1974 ஆனது.

தானாகச் சரியாகிற காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். 1970ல் ஜப்பான் முழுக்கக் கணக்கெடுத்தபோதுதான் சாவுகள் தெரியவந்தன. இதயத்துக்கே ரத்தம் தரும் குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்திருந்தது.

இன்றைக்கும் இதைக் காட்டிக்கொடுக்க ஒரு தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. ஐந்து நாள் காய்ச்சலோடு ஐந்து அடையாளங்களில் நான்கு இருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்கிறார்கள், பிறகு இதயத்துக்கு எக்கோ. பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால், நாலில் ஒரு குழந்தைக்கு வரக்கூடிய குழாய் வீக்கம் இருபத்தைந்தில் ஒன்றாகக் குறைகிறது. சிக்கல் என்னவென்றால் அடையாளங்கள் ஒரே நாளில் வருவதில்லை. திங்கட்கிழமை சிவந்த கண் வியாழக்கிழமை தெளிந்திருக்கும். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டியது அம்மாதான்.