50 கிலோவோட் 10 ஆன கதை

டிஜிட்டல் தொலைக்காட்சி வந்தால் கோபுரத்தின் வலுவைக் குறைத்துவிடுவார்களாம், பிறகு நம்ம தோட்டங்களுக்குப் படமே வராதாம் என்று ஒரு பேச்சு உலாவுகிறது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி, செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1979 இல் ஐ.டி.என். தொடங்கியபோது அது கொழும்பை அண்டியவர்களுக்குத்தான். 1982 பெப்ரவரி 15 இல் ஜப்பானின் நன்கொடையோடு ரூபவாஹினி வந்தது. 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல உச்சியில் ட்ரான்ஸ்மிட்டர் வைத்தார்கள். ஆனால் பதுளையோ கிண்ணத்துக்குள் இருக்கிற ஊர். தோட்டத்து லயங்கள் பல மலை மடிப்புகளுக்குள். நேராக வரவேண்டிய அலை மலையில் முட்டித் தெறித்துப் பிந்தி வரும். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய நிழலும் இருந்து செய்தி வாசிக்கும். வாப்பா கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்ப, உள்ளேயிருந்து உம்மா "வருது, வருது... போயிட்டு" என்று சொல்வது எங்கள் வீட்டில் மட்டுமா நடந்தது? 1996 உலகக்கிண்ண இறுதிப்போட்டியைக் கார் பெட்டரியில் ஓடிய பெட்டியில், பந்து எது புள்ளி எது என்று தெரியாமலே பார்த்து முடித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஜப்பான் 2011 ஜூலை 24 இல் அனலொக்கை நிறுத்தியது. நிலநடுக்கம் பாதித்த மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் வரை தவணை. டோக்கியோ கோபுரத்தில் என்.எச்.கே.யின் அனலொக் ட்ரான்ஸ்மிட்டர் 50 கிலோவோட், டிஜிட்டல் 10. ஐந்தில் ஒன்று! லண்டன் கிறிஸ்டல் பெலஸிலும் அதே விகிதம்தான்: 1,000 கிலோவோட் 200 ஆனது.

இதில் பாதி கணக்கு வித்தியாசம். அனலொக்கின் வலுவை அதன் உச்சத்தில் அளப்பார்கள், டிஜிட்டலின் வலுவைச் சராசரியில். (நம்ம அனலொக் முறையில் இருட்டான காட்சிக்குத்தான் கூடுதல் வலு செலவாகும், தெரியுமா?) மீதி உண்மையான மிச்சம். டிஜிட்டல் தன் பிழைகளைத் தானே திருத்திக்கொள்கிறது. மலையில் தெறித்து வரும் அலையையும் ஒரு அளவு வரை தாங்கும். நிழல் விழாது. ஆனால் புள்ளியும் விழாது: அலை ஒரு எல்லைக்குக் கீழே போனால் படம் திடீரென்று அறுந்துவிடும். புள்ளிமழைக்குள் மெட்ச் பார்த்த வீட்டுக்கு அந்தப் புள்ளிமழையும் மிஞ்சாது.

லண்டனில் இன்னொன்று கவனிக்க வேண்டும். அனலொக்கும் டிஜிட்டலும் சேர்ந்து ஓடிய வருடங்களில், பழைய அலைவரிசைகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று டிஜிட்டலை வெறும் 20 கிலோவோட்டில் அடக்கி வைத்தார்கள். 2012 இல் அனலொக்கை நிறுத்திய பிறகுதான் 200. ஆக, பள்ளத்தாக்குக்காரருக்கு ஆபத்தான காலம் இரண்டும் ஒன்றாக ஓடும் இடைக்காலம்.

ஜப்பானும் நம்மைப் போல மலைநாடு. கோபுரத்தின் வலுவை மட்டும் நம்பி அவர்கள் இருக்கவில்லை. பள்ளத்தாக்குகளுக்குச் சிறிய அஞ்சல் நிலையங்கள் வைத்தார்கள். ஒரே அலைவரிசையிலேயே பல நிலையங்களை ஓட்ட டிஜிட்டல் இடம் கொடுக்கும். அதுவும் எட்டாத வீடுகளுக்கு 2015 மார்ச் வரை செய்மதி வழியாக அதே நிகழ்ச்சிகளைக் கொடுத்தார்கள். வறிய குடும்பங்களுக்கு மாற்றிப் பெட்டி இலவசம்.

நாம் தெரிவு செய்திருப்பதும் அதே ஜப்பானிய முறைதான். 2014 செப்டம்பரில் ஷின்சோ அபே வந்தபோது சுமார் 1,370 கோடி யென் கடனுக்குக் கையெழுத்தானது. ஆனாலும் வேலை இழுபட்டது. இதற்கிடையில் லயத்துக் கூரைகளில் டிஷ் முளைத்துவிட்டது. கொழுந்து பறிக்கிற கையிலிருந்து மாதாமாதம் காசு போகிறது, இலவசமாக வரவேண்டிய அலைவரிசைகளுக்கும் சேர்த்து.

அஞ்சல் நிலையம் எங்கெங்கே வேண்டும் என்று ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள். பசறை, லுணுகலை, கொஸ்லாந்தை, ஹாலி-எல பக்கத்து உறவுகளே, டிஷ் வருவதற்கு முன் உங்கள் டிவிஷனில் எந்தச் சேனல் தெரிந்தது, அன்டெனா எந்த மலையைப் பார்த்து இருந்தது என்று கீழே எழுதுங்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை வைத்து ஒரு வரைபடத்தில் குறித்து வைக்கிறேன்.